வெள்ளை பூசிய பொம்மர்

நெளுக்குளம்
14.08.2025

அன்பின் நிசாவுக்கு,

என் நம்பரை நீர் புளொக் பண்ணிவிட்டீர். நேற்று அச்சகத்தில் நவ்பர் நானாவின் போனிலிருந்து எடுத்தேன். என் குரல் கேட்டதும் வைத்துவிட்டீர். அதனால்தான் இந்தக் கடிதம். கடிதத்தைக் கோபத்தில் பாதியில் மூடி வைத்தாலும், பிறகு எடுத்து மிச்சத்தை வாசிக்கலாம் அல்லவா?

அன்று அச்சகத்தில் வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தேன். முகட்டில் தொங்கிய என் கடதாசி விமானங்கள் எல்லாம் நூல் அறுந்து நிலத்தில் கிடந்தன. சிலவற்றை மிதித்தும் இருந்தது. நடுவில் நீர், கையில் கத்தரிக்கோலுடன். மாதக் கணக்காக வெட்டி ஒட்டிய அந்த ஜப்பான் சண்டை விமானம், 'சீரோ', இரண்டாகக் கிடந்ததைக் கண்டதும் எனக்குக் கண் மண் தெரியவில்லை. "உமக்கென்ன விசரே?" என்று கத்தினேன். அதற்கு மேலும் கத்தினேன். விடிய எழும்பிப் பார்க்க, நீரும் தம்பி ஜெயந்தனும் ஜெயபுரத்துக்கு, அம்மா வீட்டுக்கு, பஸ் ஏறிவிட்டீர்கள்.

நான் கத்திக்கொண்டு நின்ற நேரம் முழுக்க உம்முடைய தம்பி கட்டிலுக்குக் கீழே கிடந்தான் என்று நேற்றுத்தான் நானாவின் மனைவி மஸீனா அக்கா சொன்னா. நீர் போகுமுன் அவவிடம் சொல்லி அழுதீராம். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்க வாய் வருகிறது. கத்துகிற ஆளிடம் எதைச் சொல்வது என்று நீர் திருப்பிக் கேட்பீர்.

விமானங்களை எல்லாம் பெட்டியில் போட்டுக் கட்டிவிட்டேன். ஜெயந்தன் எப்படி இருக்கிறான்? அதை மட்டுமாவது எழுதும்.

தர்சன்

*

ஜெயபுரம்
25.08.2025

உங்கள் கடிதம் கிடைத்தது. தபாற்காரரிடம் அம்மாதான் வாங்கினா. "புருசன் பெண்சாதிக்குக் கடிதம் போடுற காலம் திரும்ப வந்திட்டுதோ?" என்று கேட்டா.

ஜெயந்தன் எப்படி இருக்கிறான் என்று கேட்டிருந்தீர்கள். என்ன நடந்தது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்காக ஊரிலிருந்து வந்தவனை எங்கள் அறையில் படுக்கச் சொல்லிவிட்டு நான் சந்தைக்குப் போனேன். புழுக்கமாக இருந்ததால் ஃபேனைப் போட்டிருக்கிறான். அந்தக் காற்றில் உங்கள் விமானங்கள் எல்லாம் சுற்றத் தொடங்கிவிட்டன. சுவர் முழுக்க நிழல் ஓடியிருக்கும். அந்த நேரம் பார்த்து வீட்டுக்கு மேலால் ஹெலி ஒன்றும் போனது. நான் வந்து பார்த்தபோது அவன் கட்டிலுக்குக் கீழே, தலையணை உறையை வாய்க்குள் திணித்துக்கொண்டு கிடந்தான். யுத்தத்தில் பங்கருக்குள் பதுங்கி இருக்கும்போது நாங்கள் அப்படித்தான் செய்வோம், சத்தம் மேலே கேட்டுவிடும் என்று. உறையை இழுத்து எடுத்தேன். "அக்கா, அப்பாவை வெளியால விடாத" என்றான்.

அப்பா தண்ணீர் எடுக்கப் பங்கரை விட்டு வெளியே போன கையோடு கிபிர் விமானம் வந்து குண்டு போட்டதைக் கலியாணம் பேசின நாளிலேயே உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். அப்போது தம்பிக்குப் பதினைந்து வயது. இப்போது முப்பது தாண்டிவிட்டது. உழவு மெசின் ஓட்டுகிறான், இரண்டு போகமும் வயல் பார்க்கிறான். வானத்தில் ஏதாவது இரைந்தால் மட்டும் அந்தப் பதினைந்திலேயே போய் நின்றுவிடுகிறான். இதெல்லாம் தெரிந்த மனிதர் படுக்கிற அறையின் முகட்டில் சண்டை விமானங்களைக் கட்டித் தொங்கவிடுவாரா? பூச் செய்திருக்கலாம், வீடு செய்திருக்கலாம். கடதாசியில் செய்ய உங்களுக்கு உலகத்தில் வேறு ஒன்றுமே கிடைக்கவில்லையா? நான் அறுத்து எறிந்தேன்தான். இன்னொரு தரம் கண்டாலும் அறுப்பேன்.

இன்னும் ஒன்று. உடைந்த விமானத்தின் ஒரு பக்கச் செட்டையை அவன் காற்சட்டைப் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டு திரிகிறான். கேட்டால் தருகிறானில்லை. தனியே இருக்கும்போது எடுத்து எடுத்துப் பார்க்கிறான். எனக்குப் பயமாக இருக்கிறது.

இங்கே வர வேண்டாம்.

நிசாந்தினி

*

நெளுக்குளம்
03.09.2025

அன்பின் நிசாவுக்கு,

வரமாட்டேன். நீர் சொல்லும்வரை வரமாட்டேன்.

நீர் கேட்டதற்குப் பதில் எழுதி எழுதிக் கிழித்துவிட்டேன். இந்தத் தாளைக் கிழிக்காமல் அனுப்பப் பார்க்கிறேன்.

உருத்திரபுரத்தில் என் வயதுப் பெடியன்கள் கிரிக்கெட் ஆட்களின் பெயர்களைப் பாடமாக்கி வைத்திருந்த காலத்தில், எனக்குச் சத்தம் பாடமாகியிருந்தது. காது கொடுத்த மாத்திரத்தில் இது கிபிர், இது ஹெலி, இது ஆளில்லாமல் வந்து உளவு பார்க்கிற வண்டு என்று சொல்லிவிடுவேன். "தர்சன், என்னடா வருது?" என்று பெரிய ஆட்களே பங்கருக்குள் இருந்து கேட்பார்கள். நான் வாசலில் நின்று பதில் சொல்வேன். பயத்தை வெளியே காட்டினால் என்னையும் உள்ளே இழுத்துவிடுவார்கள் என்று காட்டாமல் விட்டேன். காட்டாமல் விட்டதால் அது எங்கும் போய்விடவில்லை. ஜெயந்தன் கட்டிலுக்குக் கீழே போகிறான், நான் கத்தரிக்கோலை எடுக்கிறேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

எங்கள் தலைக்கு மேல் பறந்ததை என்னால் செய்ய முடியாது. ஒருமுறை தொடங்கிப் பார்த்தேன், மூக்கை வெட்டினதோடு கிழித்துப் போட்டுவிட்டேன். ஜப்பான்காரரின் விமானங்கள் எப்போதோ முடிந்துபோன ஒரு யுத்தத்தின் விமானங்கள். யாரோ ஒரு ஜப்பான்காரர் அவற்றின் பாகங்களை வரைந்து, எவரும் எடுக்கலாம் என்று இணையத்தில் விட்டிருக்கிறார். நான் அதைக் கணினியில் இறக்கி நிறத்தை மாற்றுவேன். ஒரே உருவம்தான், கப்பலில் நின்றதற்குச் சாம்பல், காட்டுக்கு மேல் பறந்ததற்குப் பச்சை. பிறகு தடித்த தாளில் அச்சடித்து வெட்டி ஒட்டினால், அவ்வளவு பெரிய ஒன்று உள்ளங்கைக்குள் அடங்கி நிற்கும். ஊதினால் விழும். அதைப் பார்க்க எனக்கு நிம்மதி. அந்த நிம்மதியை உம்முடைய தலைக்கு மேலும் கட்டித் தொங்கவிடலாமா என்று ஒருநாளும் நான் கேட்கவில்லை.

எரிக்கச் சொன்னால் எரித்துவிடுகிறேன். செட்டையை மட்டும் அவனிடமிருந்து பறிக்காதேயும்.

தர்சன்

*

ஜெயபுரம்
21.09.2025

இது ஜெயந்தன் எழுதச் சொன்ன கடிதம். அவனுக்கு எழுத வெட்கமாம்.

போன கிழமை அவன் அந்தச் செட்டையைக் கொண்டுவந்து குசினி மேசையில் வைத்தான். நான் அரிசி களைந்துகொண்டு நின்றேன். "அக்கா, இதுக்கு மேல பச்சை, கீழ சாம்பல். ஏன் எண்டு அத்தானைக் கேள்" என்றான். எனக்கு என்ன தெரியும்? நீயே யோசி என்றேன். கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "மேல இருந்து பாத்தா காடு. கீழ இருந்து பாத்தா வானம். ரெண்டு பக்கத்தாலும் ஒளிச்சு வாறாங்கள்" என்றான்.

அப்பா போனதிலிருந்து இத்தனை வருடத்தில், மேலே போகிற ஒன்றைப் பற்றி அவன் தானாக வாய் திறந்து கதைத்தது இதுதான் முதல் தரம். நான் அரிசியைக் கீழே வைத்துவிட்டேன்.

அம்மாவும் அங்கே நின்றா. "உந்த ஜப்பான்காரனும் திருகோணமலையில குண்டு போட்டவன்தானே. எங்கட அப்பா துறைமுகத்தில வேலை செய்தவர், சொல்லுவார்" என்றா. உங்கள் ஆட்களும் நல்லவர்கள் இல்லை என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அவனுடைய கேள்வி இதுதான்: ஒளிக்காமல் வருகிற விமானம் அந்த யுத்தத்தில் ஒன்றுமே இருக்கவில்லையா? அத்தானுக்குத் தெரியுமாம். தெரிந்தால் எழுதுங்கள்.

அவற்றை எரிக்கச் சொல்லி நான் எழுதவில்லை.

நிசாந்தினி

*

நெளுக்குளம்
30.09.2025

அன்பின் நிசாவுக்கும் ஜெயந்தனுக்கும்,

இருந்தது, ஜெயந்தன். ஓட்டப் பழகுகிற விமானங்களுக்குச் செம்மஞ்சள் பூசினார்கள். தூரத்திலேயே எல்லோரும் கண்டுகொள்ள வேண்டும் என்பதற்காகப் பூசின நிறம் அது.

இன்னும் ஒன்று இருந்தது. அதைத்தான் உனக்கு அனுப்புகிறேன். இரண்டு இயந்திரம் பூட்டிய, குண்டு போடுகிற பெரிய பொம்மர் அது. அமெரிக்கர்கள் அதற்குப் பெண்பிள்ளைப் பெயராக 'பெட்டி' என்று வைத்திருந்தார்கள். நவ்பர் நானா அதைக் கேட்டுவிட்டு, "பெட்டி எண்டா சரியாத்தான் வெச்சிருக்கான், குண்டு அடுக்கிற பெட்டிதானே" என்றார். யுத்தம் முடிந்தபோது, சரணடைவதைப் பற்றிப் பேசப் போன ஜப்பான்காரர்கள் இந்தப் பெட்டியில் இரண்டைத்தான் கொண்டுபோனார்கள். மேலிருந்த பச்சையை மூடி முழுக்க வெள்ளை பூசி, சிவப்பு வட்டம் இருந்த இடத்தில் பச்சைச் சிலுவை போடச் சொல்லி அமெரிக்கர்கள் கேட்டிருந்தார்கள். சுட வேண்டாம் என்பதற்கு அடையாளம்.

என்னிடம் இருந்தது பச்சை பூசிய பெட்டியின் தாள். ஒரு கிழமையாக உட்கார்ந்து கணினியில் அதை வெள்ளையாக்கினேன். வெள்ளையாக்குவது லேசு என்று நினைத்தேன். முழு வெள்ளை வைத்தால் வெறும் தாள் போல் கிடக்கிறது. மெல்லிய சாம்பல் கொஞ்சம் கலந்தபிறகுதான் தகடு போல் வந்தது. நானா அச்சடித்துத் தந்துவிட்டு, "இது ஆஸ்பத்திரிப் பிளேனோ தம்பி?" என்று கேட்டார்.

மடிக்க வேண்டிய கோடுகளை மை முடிந்த பேனையால் முதலில் அழுத்திக் கீறு. பசையைக் கொஞ்சமாகப் பூசு. செட்டையைக் கடைசியில் ஒட்டு. அவசரப்படாதே.

நிசா, இந்தத் தாள்களை அவனிடம் கொடுப்பதும் கொடுக்காமல் விடுவதும் உம்முடைய விருப்பம்.

தர்சன்

*

ஜெயபுரம்
02.11.2025

உங்களுக்கு,

கொடுத்தேன். ஆனால் உடனே கொடுக்கவில்லை. ஒரு கிழமை அலுமாரிக்குள் வைத்திருந்தேன். வெள்ளைக் கொடி பிடித்தால் சுடமாட்டார்கள் என்று நம்பிப் போய்த் திரும்பி வராத ஆட்களை எனக்குத் தெரியும். அந்தக் கதையை அவனுக்குக் கொடுக்கலாமா என்று யோசித்தேன். கொடுத்தபோது அவன் முதலில் கேட்டதும் அதைத்தான்.

"சுட்டவங்களோ?"

நான் பொய் சொல்லக்கூடாது என்று பக்கத்து வீட்டுத் தாட்சாயினியின் இணையம் உள்ள போனில் தேடிப் பார்த்தேன். சுடவில்லை. திரும்பி வரும்போது ஒன்று எண்ணெய் முடிந்து கரையோரத்துத் தண்ணீரில் இறங்கியதாம். ஆட்களுக்கு ஒன்றுமில்லை. அதைச் சொன்னேன். "அப்ப சரி" என்று கத்தரிக்கோலை எடுத்தான்.

வயல் வேலை முடிந்து வந்து குளித்துவிட்டு மேசையில் உட்காருவான். வெட்டும்போது நாக்கை வெளியே நீட்டுகிறான், சின்னப் பிள்ளையில் செய்ததுபோல. உடம்பை உருட்டி ஒட்டுமுன் வயிற்றுப் பக்கத்தைப் பார்த்துக் கேட்டான்: "குண்டு எதாலை விழும்?" கோடு போட்டிருந்த இடத்தை நான் காட்டினேன். அந்த இடத்துக்கு உட்பக்கமாக இன்னொரு தாளை வெட்டி ஒட்டினான். மேலே இன்னுமொன்று. "இனித் திறக்காது" என்றான். அம்மா பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு எழும்பிப் போய்விட்டா. குசினிக்குள் மூக்குச் சிந்துகிற சத்தம் கேட்டது.

விமானம் முடிந்துவிட்டது. அலுமாரிக்கு மேலே நிற்கிறது. வால் கொஞ்சம் கோணல், குறை சொல்லாதேயுங்கள். ஆனால் நேற்று மேலே ஏதோ இரைந்தபோது பழையபடி மாட்டுக் கொட்டிலுக்குள் ஓடிவிட்டான். அதையும் சொல்லத்தான் வேண்டும். கடதாசி மருந்து இல்லை. எண்டாலும் அவன் சிரிக்கிறான்.

மழை தொடங்கிவிட்டது. குளம் நிரம்பிக்கொண்டு வருகிறது. அங்கே குசினிப் பக்கத்துத் தகரம் ஒழுகும், வாளி வையுங்கள்.

நிசா

*

நெளுக்குளம்
30.11.2025

நிசா,

இந்தக் கடிதம் எங்கே வந்து சேரும் என்று தெரியாது. புயல் மழையால் தபால் ஓடவில்லை. ஜெயபுரத்தில் எவருடைய போனும் வேலை செய்யவில்லை. குளம் உடைத்துவிட்டது என்று ஒருவர் சொல்கிறார், வான்கதவால் மிச்சத் தண்ணீர்தான் பாய்கிறது என்று இன்னொருவர் சொல்கிறார். வீடுகளின் கூரைதான் தெரிகிறது என்று மூன்றாமவர் சொன்னார், அவரை அடிக்கப் போய்விட்டேன். நவ்பர் நானா பிடித்து இழுத்தார்.

மோட்டார் சைக்கிளில் வெளிக்கிட்டேன். மாங்குளத்துக்கு அங்கால் விடவில்லை, வீதிக்கு மேலால் தண்ணீர் ஓடுகிறது. நீர் வர வேண்டாம் என்று எழுதியதை மீறித்தான் வெளிக்கிட்டேன். கோபித்துக்கொள்ளும், பரவாயில்லை. கோபித்துக்கொண்டு ஒரு வரி எழுதும்.

நானா அரிசி, பருப்பு, பால்மா, துணி எல்லாம் சேர்த்து லொறியில் அனுப்புகிறார்; நிவாரண லொறிகளை மட்டும் சுற்றுப்பாதையால் விடுகிறார்களாம். கடைக்காரர்கள் எல்லோரும் கேட்காமலே கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போகிறார்கள். மஸீனா அக்கா உமக்கென்று தனியாக ஒரு பை கட்டியிருக்கிறா. லொறியில் எனக்கு இடமில்லை, எனக்குரிய இடத்தில் இரண்டு மூட்டை அரிசி போகலாம் என்றார்கள். சரிதானே. ஓட்டுகிற வீரையா அண்ணை ஒவ்வொரு முகாமாக உம்முடைய பெயரைக் கேட்பதாகச் சொல்லியிருக்கிறார். அவரிடம்தான் இதைக் கொடுக்கிறேன்.

ஹெலிகள் இங்கிருந்து வடக்கே போய்க்கொண்டே இருக்கின்றன. ஒவ்வொன்று போகும்போதும் ஜெயந்தனை நினைக்கிறேன். அவன் எங்கே போய் ஒளிப்பான், நிசா? ஒளிக்கிற இடமெல்லாம் தண்ணீராக இருக்குமே.

தர்சன்

*

கிளிநொச்சி, பள்ளிக்கூட முகாம்
03.12.2025

இஞ்சாருங்கோ,

நாங்கள் மூன்று பேரும் உயிரோடு இருக்கிறோம். முதலில் இதை வாசித்துவிட்டு ஒரு தேத்தண்ணி குடியுங்கள். பிறகு மிச்சத்தை வாசியுங்கள்.

வீரையா அண்ணை வாசலில் நின்று என் பெயரைக் கூப்பிட்டபோது நான் பாண் வரிசையில் நின்றேன். உங்கள் கையெழுத்தைக் கண்டதும் வரிசையை விட்டுவிட்டேன். என் போன் தண்ணீருக்குள் போய்விட்டது, இல்லாவிட்டால் நானே எடுத்திருப்பேன்.

குளக்கட்டு ஒரு பக்கத்தால் உடைந்துவிட்டது. ஜெயந்தன்தான் முதலில் கண்டு, மாடுகளை அவிழ்த்துவிட்டு எங்களைக் கிளப்பினான். பொதுநோக்கு மண்டபத்துக்கு மட்டும்தான் மேலே கொங்கிறீட் தட்டு இருக்கிறது. எல்லோரும் அங்கே ஏறினோம். அம்மாவைத் தோளில் தூக்கிப் போனான். திரும்ப இறங்கி, தாட்சாயினியின் பிள்ளைகளைக் கொண்டுவந்தான். தண்ணீரில் அவனுக்குப் பயமே இல்லை. அவன் வருகிறானா என்று பார்க்கப் படியில் இறங்கின அம்மா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு போய்விட்டது. மழைக்குள் தலைக்கு மேல் படங்கைப் பிடித்துக்கொண்டு கிடந்தோம். அம்மாவுக்குக் காய்ச்சல் ஏறியது. தண்ணீரின் இழுவை பலமாக இருந்ததால் வள்ளம் வர முடியவில்லை.

அடுத்த நாள் ஹெலி வந்தது. எல்லோரும் எழும்பிக் கை காட்டினார்கள், சீலையைக் கழற்றி வீசினார்கள். திரும்பிப் பார்க்கிறேன், ஜெயந்தனைக் காணவில்லை.

கீழே, மண்டபத்துக்குள் நின்றான். தண்ணீர் அவனுக்கு நெஞ்சு மட்டம். மூலையில் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடியிருந்தான். படியில் நின்று கூப்பிட்டேன்.

"ஜெயந்தன், வாடா. தண்ணி ஏறுது."

"எல்லாரையும் கீழ வரச் சொல்லு. அம்மாவைக் கீழ கொண்டு வா."

"கீழ வந்தா தாண்டு போவம். அம்மாவை ஏத்தத்தான் வந்திருக்கிறாங்கள்."

அவன் அசையவில்லை. நான் நீந்திப் போய் அவன் கையைக் கம்பியிலிருந்து பிரிக்கப் பார்த்தேன். முடியவில்லை. இப்படியே இரண்டு பேரும் போய்விடுவோம் என்று நினைத்தேன். உங்களை நினைத்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். அப்போது அவன் கண்ணைத் திறக்காமலே கேட்டான்.

"அக்கா, அடியில என்ன தொங்குது?"

"என்ன?"

"அதின்ர வயித்தில. என்ன தொங்குது எண்டு போய்ப் பாத்திட்டு வா."

ஏறிப் போய்ப் பார்த்தேன். காற்றில் கண் திறக்க முடியவில்லை. திரும்ப இறங்கினேன்.

"குண்டு ஒண்டுமில்ல. ஒரு கயிறு. கயித்தில ஒரு பெடியன் தொங்கிக்கொண்டு வாறான்."

"என்ன நிறம்?"

"ஹெலியோ, பெடியனோ?"

"பெடியன்."

"செம்மஞ்சள் சட்டை."

அவன் கண்ணைத் திறந்தான். "அப்ப ஒளிச்சு வரேல்ல" என்றான். கம்பியை விட்டான். நான் கை நீட்டினேன், அதைப் பிடிக்காமல் தானாகவே படியேறி வந்தான்.

மேலே வந்து நிமிர்ந்து பார்த்தான், இஞ்சாருங்கோ. மழை முகத்தில் அடிக்க அடிக்க அதன் வயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றான். பல் அடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. ஆனால் அந்த இடத்தை விட்டு அசையவில்லை. இறங்கி வந்த பெடியன் சிங்களத்தில் ஏதோ சொன்னான். எங்கள் ஒருவருக்கும் விளங்கவில்லை. ஜெயந்தன் போய் அம்மாவைத் தூக்கிப் பட்டிக்குள் வைத்து, அந்தப் பெடியன் கையால் காட்டக் காட்ட ஒவ்வொரு கொளுக்கியாகப் பூட்டினான். அம்மா அந்த வலிக்குள்ளும் மேலே போகும்போது அந்தப் பெடியனின் கன்னத்தைத் தொட்டு, "சாப்பிட்டனியோ மோனே?" என்று கேட்டா. அவனுக்கு என்ன விளங்கியதோ, தலையாட்டினான்.

பிறகு பிள்ளைகள். பிறகு பெண்கள். எல்லோருக்கும் ஜெயந்தன்தான் பட்டி பூட்டினான். ஹெலி போய்ப் போய் வந்தது. கடைசி முறையில் நானும் அவனும். உள்ளே கதவோரத்தில் உட்கார்ந்தான். கீழே எங்கள் ஊர் முழுக்கத் தண்ணீர், அதில் தென்னைகள் மட்டும். "அக்கா, மேல இருந்து பாத்தா எங்களைத் தெரியுதுதான்" என்றான். எனக்கும் தண்ணீர் எடுக்கப் போன அப்பாவின் நினைவு வந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

வீடு விழுந்துவிட்டது. அலுமாரி போய்விட்டது, வெள்ளை விமானமும் அதோடு போயிருக்கும். நான் அதைச் சொல்லத் தயங்கினேன். "கடதாசிதானே அக்கா, அத்தான் இன்னொண்டு அடிச்சுத் தருவார்" என்றான். மாடுகள் மேட்டில் நிற்பதாக ஆட்கள் சொல்கிறார்கள். அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் இடுப்புக்கு ஒப்பரேசன் முடிந்துவிட்டது, நேற்றுத் தாதியோடு சண்டை பிடித்தாவாம். அப்படியென்றால் சுகம்தான்.

தண்ணீர் வற்றியதாம், வீதியை நாளைக்கு எல்லோருக்கும் திறப்பார்கள் என்று வீரையா அண்ணை சொன்னார். திறந்த உடனே வாருங்கோ. அவனுக்கு ஒரு சாரமும் சேட்டும், எனக்கு அங்கே அலுமாரி மேல்தட்டில் இருக்கிற பருத்திச் சட்டைகளும் கொண்டு வாருங்கோ. ஆஸ்பத்திரியால் அம்மாவை விட்டதும் நாலு பேருமாக நெளுக்குளம் போவோம். வீடு கட்டும் வரைக்கும் அம்மாவும் அவனும் எங்களோடு இருக்கட்டும். நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று நான் கேட்கவில்லை, எனக்குத் தெரியும்.

இப்போது பின்னேரம். சாமான் இறக்குகிற ஹெலி இந்தப் பள்ளிக்கூட மைதானத்தில்தான் வந்து வந்து இறங்குகிறது. ஒவ்வொரு முறையும் யன்னல் கண்ணாடி எல்லாம் அதிர்கிறது, தூசு வகுப்பறைக்குள் வருகிறது, குழந்தைகள் வீரிட்டு அழுகின்றன. ஜெயந்தன் என் பக்கத்தில் பாயில் படுத்திருக்கிறான். முதல் தரம் அது இறங்கியபோது நான் அவன் மேல் பாய்ந்து காதைப் பொத்தினேன். அவன் என் கையைத் தட்டிவிட்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தான். முதுகில் கை வைத்துப் பார்த்தேன். மூச்சு ஆறுதலாக ஏறி இறங்குகிறது.

வரும்போது பார்த்து வாருங்கோ. ஹெலிக்கே எழும்பாதவனை நீங்கள் வந்து எழுப்பிப் போடாதேயுங்கோ.

நிசா